குழந்தையின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள்: முதல் மூன்று ஆண்டுகள் ஏன் முக்கியம்?

பிள்ளைக்கு அடிக்கடி மூச்சு வாங்குகிறது, தோலில் அரிப்பு, எடை ஏறவில்லை என்று கிளினிக்கில் வரிசையில் காத்திருக்கும் பெற்றோர் பலர். காரணத்தைத் தூசியிலும் மழையிலும் குளிர்ந்த தண்ணீரிலும் அவர்கள் தேடுவது வழக்கம். கடந்த இருபது ஆண்டுகளாக மருத்துவ ஆய்வாளர்கள் இன்னோர் இடத்தையும் கூர்ந்து பார்த்து வருகின்றனர். அது குழந்தையின் குடல்.

பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தையின் குடலில் நுண்ணுயிர்கள் குடியேறத் தொடங்குகின்றன. முதலில் எவை வருகின்றன, எவை நிலைக்கின்றன என்பதற்கும் அக்குழந்தை பின்னாளில் ஆஸ்துமா, ஒவ்வாமை, வளர்ச்சிக் குறைவு போன்றவற்றுக்கு ஆளாவதற்கும் தொடர்பிருப்பதாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது என்ன, வீட்டில் செய்யக்கூடியது என்ன என்பதை இங்கே காணலாம்.

குடலுக்குள் இருப்பது என்ன?

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 டிரில்லியன் பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கணக்கீடு கூறுகிறது. உடலின் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில் உள்ளது.

'கிருமி' என்ற சொல்லைக் கேட்டதும் நோய்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் குடலில் வாழும் நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை நோய் தருபவை அல்ல. நம்மால் செரிக்க முடியாத நார்ப்பொருளை அவை உடைத்துப் பயனுள்ள அமிலங்களாக மாற்றுகின்றன. சில வைட்டமின்களை உருவாக்குகின்றன. நோய்க்கிருமிகள் வந்து தங்குவதற்கு இடமில்லாதபடி குடலை முன்கூட்டியே நிறைத்து வைக்கின்றன.

குழந்தைப் பருவத்தில் இவற்றுக்கு மற்றொரு பெரிய வேலையும் உண்டு. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பில் பெரும்பங்கு குடலின் சுவரை ஒட்டியே அமைந்துள்ளது. எது பகை, எது உணவு, எதைக் கண்டால் பொங்கி எழ வேண்டும், எதைக் கண்டும் காணாமல் விட வேண்டும் என்பதை அந்த அமைப்பு பழகிக்கொள்வது குடல் நுண்ணுயிர்களோடு நடத்தும் அன்றாட உறவின் மூலமாகத்தான். ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் ஒருவகையில் இந்தப் பழக்கத்தில் நேரும் கோளாறுகளே. பகையில்லாத தூசியையும் உணவையும் உடல் பகையென்று எண்ணிப் போர் தொடுக்கிறது.

நூறாண்டு கடந்த கண்டுபிடிப்பு

இத்துறை புதிதுபோல் தோன்றினாலும் அதன் வேர் 19-ஆம் நூற்றாண்டில் உள்ளது. ஜெர்மனியின் மூனிக் நகரில் குழந்தை மருத்துவராக இருந்த தியோடர் எஷெரிக், 1885-ஆம் ஆண்டு கைக்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து அதில் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார். இன்று 'ஈ.கோலை' என்று அழைக்கப்படும் அந்த நுண்ணுயிரின் முழுப் பெயரில் அவருடைய பெயர் நிலைத்திருக்கிறது.

அதன்பின் 1899-ஆம் ஆண்டு, பாரிசில் உள்ள பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய ஆன்றி திசியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டைபோல் இரண்டாகக் கிளைத்த ஒரு பாக்டீரியா மிகுதியாக இருப்பதைக் கண்டார். அதுவே இன்றைய 'பிஃபிடோபாக்டீரியம்'. புட்டிப்பால் குடித்த குழந்தைகளின் குடலில் வேறு பல வகைகள் கலந்திருந்தன. வயிற்றுப்போக்கால் துன்பப்படும் குழந்தைகளுக்கு இந்த பாக்டீரியாவைக் கொடுக்கலாம் என்றும் அவர் கருதினார். 'புரோபயாட்டிக்' என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த எண்ணம் பிறந்துவிட்டது.

பிறப்பிலிருந்து மூன்று வயது வரை

புதிதாகப் பிறந்த குழந்தையின் குடலில் சிறிது உயிர்வாயு இருக்கும். அதில் வாழக்கூடிய ஈ.கோலை போன்றவை முதலில் வந்து அந்த உயிர்வாயுவைத் தீர்த்துவிடுகின்றன. உயிர்வாயு இல்லாத இடத்தில் மட்டுமே செழிக்கும் பிஃபிடோபாக்டீரியம் அதன்பிறகு பெருகுகிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் காலத்தில் குடலில் அதன் ஆட்சிதான்.

கஞ்சி, பருப்பு, பழம் எனத் திட உணவு தொடங்கியதும் காட்சி மாறுகிறது. நார்ப்பொருளைத் தின்னும் புதிய வகைகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 903 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு, இந்த வளர்ச்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தது. 3 முதல் 14 மாதம் வரை வேகமாக மாறும் கட்டம். 15 முதல் 30 மாதம் வரை இடைமாற்றக் கட்டம். அதன்பின் நிலைபெற்ற கட்டம். குடல் நுண்ணுயிர்களின் அமைப்போடு மிக நெருங்கிய தொடர்புடையதாக அந்த ஆய்வு கண்டது தாய்ப்பால் குடிப்பதையே.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். குடலைப் பொறுத்தவரை வளையும் பருவம் ஏறத்தாழ மூன்று வயதோடு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு மாற்றமே இல்லை என்பதல்ல. அடித்தளம் அதற்குள் இடப்பட்டுவிடுகிறது என்பதே பொருள்.

குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை

தாய்ப்பாலைப் பற்றிய ஒரு புதிர் ஆய்வாளர்களை நெடுங்காலம் குழப்பியது. அதில் லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மிகுந்திருக்கும் திடப்பொருள் 'ஓலிகோசாக்கரைடு' எனப்படும் ஒருவகைக் கூட்டுச் சர்க்கரை. 150-க்கும் மேற்பட்ட வடிவங்களில் அது காணப்படுகிறது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 5 முதல் 15 கிராம் வரை உள்ளது. பிரசவத்தை ஒட்டிச் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் 20 கிராமுக்கும் மேல். பசும்பாலில் இது மிகமிகக் குறைவு.

வியப்பு என்னவென்றால், இந்தச் சர்க்கரையைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. தன் உடலின் சத்தைச் செலவிட்டு, பிள்ளைக்குப் பயன்படாத ஒன்றைத் தாயின் மார்பு ஏன் சுரக்க வேண்டும்?

விடை குடலில் இருந்தது. அந்தச் சர்க்கரை குழந்தையின் குடலில் உள்ள பிஃபிடோபாக்டீரியத்துக்கான உணவு. அதிலும் 'இன்ஃபான்டிஸ்' என்ற வகை அதை முழுமையாக உண்பதற்கென்றே அமைந்தது போன்றது. உண்டு முடித்து அது வெளியேற்றும் அமிலங்கள் குடலைப் புளிப்பாக்குகின்றன. புளித்த மாவில் வேண்டாத கிருமிகள் எளிதில் வளராததுபோல, புளித்த குடலிலும் நோய்க்கிருமிகள் தலையெடுக்க முடிவதில்லை. தாய் தன் பிள்ளைக்கு மட்டுமல்லாமல், பிள்ளையைக் காக்கும் நுண்ணுயிருக்கும் சேர்த்தே பாலூட்டுகிறாள்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் பங்கேற்று 2021-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. இத்தகைய பிஃபிடோபாக்டீரியம் குறைந்த குழந்தைகளின் இரத்தத்தில் அழற்சிக்கான அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. அது நிறைந்த குழந்தைகளின் குடலில் உருவாகும் ஒரு பொருள், ஒவ்வாமைக்கு இட்டுச்செல்லும் வகை எதிர்ப்பணுக்களைத் தணித்து வைப்பது தெரியவந்தது.

இந்த பாக்டீரியா உலகெங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேலை நாட்டுக் குழந்தைகள் பலரின் குடலில் அது அரிதாகிவிட்டது. கடந்த நூற்றாண்டில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தின் புளிப்புத் தன்மை படிப்படியாகக் குறைந்து வந்துள்ளது தெரிந்தது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவு 5.0-இல் இருந்து 6.5-க்கு ஏறிவிட்டது. அறுவைப் பிரசவம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், புட்டிப்பால் ஆகியவை பெருகியது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

சிங்கப்பூரில் 1939-இல் ஒலித்த எச்சரிக்கை

தாய்ப்பாலுக்கும் குழந்தையின் உயிருக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகம் பேசத் தொடங்கும் முன்பே இந்த மண்ணில் ஒரு குரல் எழுந்தது. 1936-ஆம் ஆண்டு மலாயாவுக்குப் பணிக்கு வந்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஆப்பிரிக்காவில் புரதக் குறைவால் குழந்தைகளைத் தாக்கும் 'குவாஷியோர்கர்' நோயை மருத்துவ உலகுக்கு அடையாளம் காட்டியவர் அவரே.

அக்காலத்தில் இனிப்புக் கெட்டிப்பால் கைக்குழந்தைகளுக்கு ஏற்றது என்று இங்கு விளம்பரம் செய்யப்பட்டு வந்தது. அந்த டின் பாலை நம்பித் தாய்ப்பாலை நிறுத்திய ஏழைத் தாய்மார்களின் குழந்தைகள் மடிவதை அவர் நேரில் கண்டார். 1939-ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' எனப் பொருள்படும் தலைப்பில் அவர் ஆற்றிய உரை இன்றும் மருத்துவ வரலாற்றில் எடுத்துக்காட்டப்படுகிறது. பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் சாங்கி முகாமில் அடைபட்டபோது, அங்கே பிறந்த 20 குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது என்றும் 20 பேரும் உயிர் பிழைத்தனர் என்றும் அவர் பதிவு செய்துள்ளார்.

அசுத்தமான தண்ணீரும் சத்துக் குறைவும் அக்குழந்தைகளின் சாவுக்கு முதன்மைக் காரணங்கள். தாய்ப்பால் குடலில் வளர்க்கும் காவல் படை அவர்களுக்குக் கிடைக்காமல் போனதையும் இன்றைய ஆய்வுகள் அதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கின்றன.

ஆஸ்துமாவும் ஒவ்வாமையும்

குடல் நுண்ணுயிர்களுக்கும் மூச்சுக் கோளாறுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளே இன்று மிகுதி. கனடாவில் 319 குழந்தைகளை ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு, ஆஸ்துமா வரும் அபாயம் மிகுந்த குழந்தைகளின் குடலில் பிறந்த முதல் 100 நாள்களில் நான்கு வகை பாக்டீரியாக்கள் குறைந்திருந்ததைக் கண்டது. அதே பாக்டீரியாக்களை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் குட்டிகளுக்கு நுரையீரல் அழற்சி தணிந்தது. ஒரு வயதில் பார்த்தபோது குழந்தைகளிடையே இருந்த அந்த வேறுபாடு பெரிதும் மறைந்திருந்தது. முதல் சில மாதங்களே நுட்பமான காலம் என்பதை இது உணர்த்துகிறது.

டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் ஏறத்தாழ 700 குழந்தைகளை ஐந்து வயது வரை கவனித்த ஆய்வு 2018-இல் வந்தது. ஒரு வயதில் குடல் நுண்ணுயிர்கள் போதிய அளவு முதிர்ச்சி அடையாத குழந்தைகளுக்கு ஐந்து வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடியிருந்தது. ஆனால் இந்தத் தொடர்பு தாய்க்கு ஆஸ்துமா இருந்த பிள்ளைகளிடம் மட்டுமே காணப்பட்டது. பரம்பரை ஒரு பக்கம் இருக்க, குடல் அந்தப் பரம்பரையைத் தூண்டவோ அடக்கவோ செய்கிறது எனலாம்.

பின்லாந்து, எஸ்டோனியா, ரஷ்யாவின் கரேலியா ஆகிய அண்டைப் பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வும் குறிப்பிடத்தக்கது. முதல் வகை நீரிழிவும் ஒவ்வாமையும் பின்லாந்தில் மிக அதிகம். எல்லைக்கு அப்பால் ரஷ்யக் கரேலியாவில் பல மடங்கு குறைவு. 222 குழந்தைகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான முடிவின்படி, பின்லாந்து, எஸ்டோனியக் குழந்தைகளின் குடலில் நோய் எதிர்ப்பு அமைப்பைத் தட்டி எழுப்பாத ஒருவகை பாக்டீரியாவே மேலோங்கியிருந்தது. பயிற்சி கிடைக்காத படை பின்னாளில் தடுமாறுவதற்கு இதை ஒரு விளக்கமாக ஆய்வாளர்கள் முன்வைக்கின்றனர்.

சிங்கப்பூரில் 2009-ஆம் ஆண்டு தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வு, சீன, மலாய், இந்தியத் தாய்மார்களையும் அவர்களின் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வருகிறது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்களை ஒப்பிட்டபோது, திட உணவு தொடங்கும் முன்பே இனத்துக்கு இனம் வேறுபாடு இருந்தது தெரியவந்தது. மேலை நாட்டு முடிவுகளை அப்படியே இங்குள்ள பிள்ளைகளுக்குப் பொருத்திவிட முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

உயரமும் எடையும்

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். ஐவரில் ஒருவருக்கும் மேல். உணவுப் பற்றாக்குறை, அடிக்கடி வரும் நோய், தாயின் உடல்நிலை எனக் காரணங்கள் பல. குடலும் அதில் ஒன்று என்பதை வங்காளதேசத்து ஆய்வுகள் காட்டியுள்ளன.

டாக்கா நகரில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுக்கு ஆளான குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்கள் அவர்களின் வயதைவிட இளையவையாக, அதாவது முதிர்ச்சி குன்றியவையாக இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி கார்டனின் குழுவும் வங்காளதேச மருத்துவர்களும் 2014-இல் கண்டறிந்தனர். சாப்பாடு கொடுத்து எடை ஏற்றியபின்னும் அந்தக் குறை பலருக்கு நீங்கவில்லை.

பிறகு குடல் நுண்ணுயிர்களை முதிர்ச்சி அடையச் செய்யும் உணவு எது என்று தேடினர். கடைசியில் தேர்வானது கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை மாவு, வாழைக்காய் ஆகியவற்றின் கலவை. 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு மூன்று மாதம் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. வழக்கமான ஊட்ட உணவைவிடக் குறைந்த கலோரி கொண்டதாக இருந்தும், இந்தக் கலவையை உண்ட குழந்தைகளே நன்றாக எடை ஏறினர். கடலையும் வாழைக்காயும் தமிழர் வீட்டு அடுப்படிக்குப் புதியவை அல்ல.

அறுவைப் பிரசவம் ஆனவர்கள் அஞ்ச வேண்டுமா?

இயல்பான பிரசவத்தில் குழந்தை தாயின் குடல் நுண்ணுயிர்களைப் பெற்றுக்கொண்டே வெளிவருகிறது. அறுவைப் பிரசவத்தில் அந்த வழி அடைபடுகிறது. பிரிட்டனில் 596 குழந்தைகளை ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு, அறுவை மூலம் பிறந்த குழந்தைகளின் குடலில் 'பாக்டீராய்டிஸ்' வகை குறைந்தும் மருத்துவமனைச் சூழலில் காணப்படும் சில பாக்டீரியாக்கள் கூடியும் இருந்ததைக் கண்டது.

ஆனால் அதே ஆய்வில், 6 முதல் 9 மாதத்துக்குள் இந்த வேறுபாடு பெரிதும் குறைந்திருந்தது. கோப்பன்ஹேகன் குழந்தைகளைப் பற்றி 2020-இல் வந்த முடிவும் ஆறுதல் தருவது. அறுவையில் பிறந்திருந்தாலும் ஒரு வயதுக்குள் குடல் நுண்ணுயிர்கள் இயல்பு நிலைக்கு வந்துவிட்ட குழந்தைகளுக்கு ஆஸ்துமா அபாயம் கூடவில்லை.

அறுவைப் பிரசவத்தால் ஆஸ்துமா வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுவதாகச் சில தொகுப்பாய்வுகள் கூறுவதுண்டு. இந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நூற்றில் பத்துப் பிள்ளைகளுக்கு வரக்கூடிய நோய் பன்னிரண்டு பேருக்கு வரலாம் என்பதே இதன் பொருள். நூற்றில் இருபது பேருக்கு வரும் என்பதல்ல. தாயையும் சேயையும் காப்பாற்றுவதற்காகச் செய்த அறுவைக்காக எந்தத் தாயும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. மருத்துவக் காரணமின்றி, நல்ல நாள் நட்சத்திரம் பார்த்து அறுவைக்குத் தேதி குறிப்பவர்கள் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம்.

தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைக் குழந்தையின் மேல் தடவும் முறை பற்றிச் சமூக ஊடகங்களில் பேசப்படுகிறது. ஆய்வுக்கு வெளியே இதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2017-ஆம் ஆண்டே அறிவுறுத்தியுள்ளது. தாய்க்கு வெளியே தெரியாத தொற்று இருந்தால் அது குழந்தைக்குப் பரவக்கூடும்.

ஆன்டிபயாட்டிக்: வேண்டும்போது மட்டும்

ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நல்லது கெட்டது பார்ப்பதில்லை. நோய்க்கிருமியோடு குடலில் உள்ள நல்லவற்றையும் அழிக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இம்மருந்தைத் தேவையின்றி எழுதுவது 2000-க்குப் பிறகு பெரிதும் குறைக்கப்பட்டது. 2014 வரையிலான கணக்கைப் பார்த்தபோது, 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளிடம் புதிதாக ஆஸ்துமா கண்டறியப்படுவது 26 விழுக்காடு குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே குடல் நுண்ணுயிர்களே பாலமாக இருக்கின்றன என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இதைப் படித்துவிட்டு, மருத்துவர் தந்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் தொற்று போன்றவற்றில் அந்த மருந்துதான் உயிர் காக்கும். ஆனால் சாதாரணச் சளியும் காய்ச்சலும் வைரசால் வருபவை; அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. 'இந்த மருந்து கட்டாயம் தேவையா?' என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. அண்ணனுக்குக் கொடுத்து மீந்த மருந்தைத் தம்பிக்கு ஊற்றும் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

சேனையும் தேனும்

பிறந்த குழந்தையின் நாவில் தேன் அல்லது சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் உண்டு. குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் கையால் வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கும் வரும் என்பது நம்பிக்கை. இதில் உள்ள அன்பை யாரும் குறைசொல்ல மாட்டார்கள். தேன்தான் சிக்கல்.

தேனில் 'குளோஸ்டிரிடியம் போட்டுலினம்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. கைக்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து முளைத்து நச்சை வெளிப்படுத்தினால் குழந்தையின் தசைகள் தளர்ந்து, மூச்சு விடவும் முடியாமல் போகலாம். குழந்தைகளைத் தாக்கும் இந்த நோய் 1976-ஆம் ஆண்டு அடையாளம் காணப்பட்டது. ஒரு வயது நிறையும் முன் தேன் ஒரு துளியும் கூடாது என்பது மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. அந்தச் சேனைக்குப் பதில் சீம்பாலையே முதல் துளியாகக் கொடுக்கலாம்.

சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சி ஊற்றிவிடுவது, வசம்பு, கடுக்காய் உரைத்து ஊற்றுவது, வெந்நீர் கொடுப்பது ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

98 நாளும் 180 நாளும்

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வது எளிது. அந்த ஆறு மாதம் தாய் எங்கே இருக்கிறாள் என்பதே கேள்வி.

தோட்டப்புறத் தமிழர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. விடியும் முன் பால்மரம் சீவப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலம் உண்டு. இன்று தோட்டங்களை விட்டுத் தொழிற்சாலைக்கும் பேரங்காடிக்கும் வேலைக்குப் போகும் தாய்க்கும் அதே நிலைதான். ஆயாக் கொட்டகையின் இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவோ பராமரிப்பு நிலையமோ இருக்கிறது.

மலேசியாவில் தனியார் துறை மகப்பேறு விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. சிங்கப்பூரில் பிறக்கும் குடியுரிமை பெற்ற குழந்தையின் தாய்க்கு 16 வாரம். இரண்டுமே ஆறு மாதத்துக்குக் குறைவு. 2016-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், மலேசியாவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் 47.1 விழுக்காடு. மீதமுள்ளோருக்குக் கிடைக்காமல் போனதற்குத் தாயின் அக்கறையின்மை காரணமென்று சொல்லிவிட முடியாது. பால் கறந்து வைக்க ஓர் அறை, ஒரு குளிர்பெட்டி, அதற்கு இருபது நிமிட நேரம். இவை கிடைக்கும் வேலையிடம் எத்தனை என்பதைக் கேட்க வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் பாலைக் கறந்து சேமிக்கலாம். 25 பாகை செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், பனிக்கட்டிப் பைகளோடு குளிர்ப்பையில் 24 மணி நேரமும், குளிர்பெட்டியில் நான்கு நாளும், உறைநிலைப் பெட்டியில் ஆறு மாதம் வரையும் அது கெடாது. நம் நாட்டு வெயிலில் பனிக்கட்டி இல்லாமல் வெளியே வைத்திருக்கக் கூடாது. முழுமையாக முடியாவிட்டாலும் காலையும் இரவும் கொடுக்கும் பாலுக்கும் பயன் உண்டு.

பால்மாவு கொடுக்கும் நிலை வந்தால் அதற்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. கலக்கும் முறையே முக்கியம். பால்மாவு கிருமி நீக்கப்பட்டதன்று; ஆகவே கொதிக்க வைத்து, 70 பாகைக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில் கலக்கி, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். அளவைக் குறைத்துத் தண்ணீர் சேர்த்து நீட்டிப்பது குழந்தையின் சத்தைக் குறைப்பதாகும். இனிப்புக் கெட்டிப்பாலும் காப்பிக்கு ஊற்றும் கிரீமரும் குழந்தைக்கான பால் அல்ல.

கடையில் விற்கும் 'நல்ல பாக்டீரியா'

இந்தியாவின் ஒடிசா மாநிலக் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017-இல் உலகின் கவனத்தை ஈர்த்தது. பிறந்த சில நாளில் தொடங்கி ஏழு நாள் மட்டும், ஒருவகை லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவும் அதற்கு உணவாகும் சர்க்கரையும் கொடுக்கப்பட்டன. இரத்தத் தொற்றுக்கு ஆளான அல்லது இறந்த குழந்தைகள் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தனர். இக்குழந்தைகள் அனைவரும் தாய்ப்பால் குடித்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இதை வைத்துக் கடையில் விற்கும் எல்லாப் புரோபயாட்டிக் பொடியும் அதே பலன் தரும் என்று எண்ணுவது தவறு. பாக்டீரியாவின் வகை, அளவு, கொடுக்கும் காலம், குழந்தையின் நிலை எல்லாம் சேர்ந்தே பலனைத் தீர்மானிக்கின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு இது ஆபத்தாகவும் முடியலாம். ஒரு குழந்தை இறந்ததைத் தொடர்ந்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-ஆம் ஆண்டு இதுபற்றி மருத்துவமனைகளை எச்சரித்தது. விலை உயர்ந்த டின்னில் தாய்ப்பாலின் கூட்டுச் சர்க்கரை சேர்க்கப்பட்டதாக விளம்பரம் வருகிறது. அவற்றில் பொதுவாக ஒன்று முதல் சில வகைகளே உள்ளன. தாய்ப்பாலில் இருப்பவை 150-க்கும் மேல்.

பெற்றோர் கவனத்துக்கு

- பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க முயல வேண்டும். அறுவைப் பிரசவம் ஆனவர்கள் தாதியின் உதவியைக் கேட்கலாம்.

- ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் திட உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

- ஆறு மாதத்துக்குப் பின் கஞ்சியோடு நின்றுவிடாமல் பருப்பு, முட்டை, மீன், கீரை, பூசணி, வாழைப்பழம், கடலை மாவு, தயிர் எனப் பலவும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். வெவ்வேறு உணவு வெவ்வேறு நுண்ணுயிர்களை வளர்க்கிறது. முழு வேர்க்கடலை தொண்டையில் சிக்கும். மாவாக மட்டுமே கொடுக்க வேண்டும்.

- ஒரு வயது வரை தேன் கூடாது.

- ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் எழுதினால் மட்டும், சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

- பிள்ளை மண்ணில் விளையாடுவதையும் பிற பிள்ளைகளோடு பழகுவதையும் தடுக்கத் தேவையில்லை. சாப்பிடும் முன்னும் கழிவறைக்குப் பின்னும் கைகழுவப் பழக்கினால் போதும்.

- மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல், மூச்சுத் திணறல் ஆகியவை தென்பட்டால் வீட்டு மருந்து பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மேலே கண்ட ஆய்வுகளில் பல, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டுபவையே தவிர, இதனால்தான் அது வந்தது என்று முடிவாகச் சொல்பவை அல்ல. குடல் நன்றாக அமைந்த பிள்ளைக்கும் ஆஸ்துமா வரலாம். புட்டிப்பால் குடித்த பிள்ளையும் நோயின்றி வளரலாம். இருப்பினும் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சுட்டும் தாய்ப்பால், பலவகை உணவு, தேவைக்கு மட்டும் மருந்து ஆகிய மூன்றும் எந்தக் குழந்தைக்கும் கேடு செய்யாதவை. இவற்றில் முதலாவது தாயின் மனத்தை மட்டும் பொறுத்ததன்று. அவளுக்கு வேலை கொடுப்பவரும், வீட்டில் உடனிருப்பவரும் தரும் நேரத்தையும் பொறுத்தது.